பாதி மருந்து தரையில்

"ஹலோ... ஹலோ, நான்தான். வைக்காதே! தம்பி, நீ வச்சேன்னா மறுபடியும் அடிப்பேன், மேடையில நிக்கும்போது அடிப்பேன்... தெரியும். சட்டையில மைக் மாட்டறாங்க. மாட்டட்டும். காது சும்மாதானே இருக்கு? அதை மட்டும் எனக்குக் கொடு."

மணி அடித்து அடித்து ஓய்ந்த பிறகு, இப்போதுதான் தம்பி போனை எடுத்திருந்தான். அக்கா சோதனைக்கூடத்தில் வெள்ளை அங்கியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னால் மேசையில் தோல் நிறத்தில் ஒரு ரப்பர் திண்டு. நோயாளியின் தொடைக்குப் பதிலாக அவர்கள் வைத்திருப்பது. திண்டின் ஓரமாக வழிந்த மருந்து மேசை விளிம்பில் திரண்டு, ஒவ்வொரு துளியாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"பெரிய விஷயமா சின்ன விஷயமான்னு அப்புறம் பேசிக்கலாம். முதல்ல வண்டியை நிறுத்து... எந்த வண்டியா? ஏன்டா, காலையில கொடி அசைக்காத குறையா வழியனுப்பி வச்சியே, அந்த வண்டி. பேனா ஏத்திக்கிட்டுப் போற வண்டி. அதைத் திருப்பு... ஆமா. ஆமா, திருப்புன்னுதான் சொன்னேன். உன் காதுல ஒரு கோளாறும் இல்ல."

அந்தப் பேனா எழுதுவதற்கானது அல்ல. சிலருக்கு ஒரு பொல்லாத நோய் இருக்கிறது. நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே தொண்டை வீங்கத் தொடங்கும். மூச்சு அடைபடுவதற்குள் ஊசி போட்டாக வேண்டும். அந்த ஊசிக்காக மருத்துவமனைக்கு ஓடுவதற்குள் சிலர் பாதி வழியிலேயே விழுந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலேயே, தாங்களே, ஒரே அழுத்தில் போட்டுக்கொள்ளும்படி மருந்தைத் தம்பி செய்தான். அந்த மருந்தை உள்ளே அடைத்து ஸ்பிரிங்கால் தள்ளும் பேனாவை அக்கா செய்தாள். மருந்தும் கருவியும் சேர்ந்து ஒரே பொருள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கம்பெனி. முதன்முதலாக நோயாளிகள் வீட்டுக்கு எடுத்துப்போகும் பேனாக்கள் அன்று காலை குளிர்வண்டியில் ஏறியிருந்தன. மாலைக்குள் அவை அவர்கள் கையில் இருக்கும்.

"சரி, கத்தாமலே சொல்றேன். கேளு. ஃபிரிட்ஜுலேர்ந்து ஒரு பேனா எடுத்தேன். எடுத்த கையோட திண்டுல அழுத்தினேன். பத்து வரைக்கும் எண்ணிட்டு எடுக்கணும்னு அட்டையில போட்டிருக்கோம்ல? எண்ணினேன். எடுத்தேன். பாதி மருந்துதான் உள்ளே போயிருக்கு. மீதி என் செருப்பு மேல சொட்டுது... இல்ல இல்ல, அந்த ஒரு பேனா மட்டும் இல்ல. கையில மிச்சம் இருந்த அத்தனையையும் அழுத்திப் பார்த்துட்டேன். ஜில்லுனு அழுத்தின அத்தனையும் அதே கதைதான்... என்னது? ஸ்பிரிங்கா? ஸ்பிரிங்கைச் சொல்லாதே. சொல்லாதேன்னா சொல்லாதே! ஸ்பிரிங் தள்ள வேண்டியதைத் தள்ளுது. உன் மருந்துதான் குளிர்ல தேன் மாதிரி ஆயிடுது. நகர மாட்டேங்குது."

சொல்லி முடித்ததும் அவளுக்கே தான் சொன்னது முழு நியாயம் இல்லை என்று பட்டது. அது பட்டதும் கோபம் இன்னும் ஏறியது. தன்மேலும் சேர்த்துக் கோபம் வருகிறபோது மனிதக் குரல் இப்படித்தான் ஒரு படி மேலே போய் நிற்கும்.

"இத்தனை நாள் ஏன் தெரியலன்னு என்னைக் கேட்கிறியா? கேளு, நம்ம லட்சணத்தைக் கேளு. ஸ்பிரிங்கை நான் எதை வச்சு சோதிச்சேன்? தண்ணி. வெறும் குழாய்த் தண்ணியை வடிகட்டி. ஏன்? உன்கிட்ட மருந்து கேட்டப்போ, சொட்டுச் சொட்டா எடுத்தது, விளையாடறதுக்குத் தர முடியாதுன்னு சொன்னே. சொன்னியா இல்லையா?... ம். உன் மருந்தை நீ எதுல வச்சு சோதிச்சே? குப்பியில. குளிர்ல வச்சா வீரியம் குறையுதான்னு பார்த்தே. குறையல. கைதட்டிக்கிட்டே. கொஞ்சம் கெட்டியாகுதுன்னு உனக்குத் தெரியும், ஆனா அக்காவோட பேனா தள்ளிடும்னு நினைச்சே. நான் என்ன நினைச்சேன்? தம்பியோட மருந்து தண்ணி மாதிரி ஓடும்னு. ஒரே வீட்டுல பொறந்து, ஒரே தட்டுல பிசைஞ்சு தின்னவங்க நாம. நடுவுல ஒரு சுவர், அவ்வளவுதான். கதவைத் தட்டி, இது குளிர்ல எப்படி இருக்கும்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்கல. வெளியில சொன்னா சிரிப்பாங்க."

வாசலருகே நின்ற நர்ஸம்மா காலிப் பையைக் கையில் சுருட்டிக்கொண்டு போவதா நிற்பதா என்று தெரியாமல் விழித்தார். மருத்துவமனையில் மிஞ்சிய பேனாக்களைத் திருப்பித் தர வந்தவர். நடுவயதுக்காரர், பருத்த உடம்பு, எப்போதும் யாரிடமோ மன்னிப்புக் கேட்கப் போவது போன்ற முகம். அக்கா அவரைப் பார்த்துக் கையால் 'இருங்கள்' என்று சைகை காட்டினாள்.

"ஆமா. ஆமா, ஆஸ்பத்திரியில மருந்து நிரப்பின பேனாவை வச்சுத்தான் பார்த்தாங்க. ஆமா, எல்லாருக்கும் முழுசாத்தான் போச்சு. நானும் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் சரின்னேன்... அதுக்குத்தான் வர்றேன். அவசரப்படாதே. அங்க ஊசி போட்டது யாரு? நம்ம நர்ஸம்மா. அவங்க என்ன பண்ணியிருக்காங்கன்னா, ஃபிரிட்ஜுலேர்ந்து எடுத்த ஒவ்வொரு பேனாவையும் ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு உருட்டி, சூடு பண்ணி, அப்புறம்தான் குத்தியிருக்காங்க... ஏன்னா? வலிக்குமேன்னுதான்! ஜில்லுனு குத்தினா பாவம் நோயாளிக்கு வலிக்கும்னு. இன்னிக்கு நான் திண்டுல அழுத்தறதைப் பார்த்துட்டு அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஐயோ, அப்படியே குத்தறீங்களேம்மா, கொஞ்சம் உருட்டிட்டுக் குத்துங்க'ன்னு. ரப்பர் திண்டுக்குப் பரிதாபப்படற மனுஷிடா அவங்க. அப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சு. உருட்டிக் குத்தினேன், முழுசா போச்சு. உருட்டாம குத்தினேன், பாதி நின்னுடுச்சு."

மறுமுனையில் தம்பி வேகமாக ஏதோ பேசத் தொடங்கினான். அக்கா கேட்டாள். கேட்கக் கேட்க அவள் கழுத்து நரம்பு புடைத்தது.

"நிறுத்து. நிறுத்துடா!... யாரை வேலையை விட்டு எடுக்கச் சொல்றே? இன்னொரு தடவை சொல்லு, நல்லா காதுல விழட்டும்... விதிமுறையை மீறினாங்களா? எந்த விதிமுறையை? உருட்டக் கூடாதுன்னு நீ எழுதினியா? நான் எழுதினேனா? ரெண்டு பேருக்குமே தோணல. ஒரு மனுஷி குளிர்ந்த ஊசியைக் கையில வாங்கினா என்ன செய்வாளோ அதை அவங்க செஞ்சிருக்காங்க. அதை ஒரு குத்தம்னு எழுதி, பழியை அவங்க தலையில கட்டிட்டு, நீ மாலை போட்டுக்கிட்டு மேடையில நிப்பியா? உனக்கு அடுக்குமா? கடவுள்னு ஒருத்தன் பார்த்துக்கிட்டு இருக்கான்டா. அவனுக்கு உன் மைக் தேவையில்ல... இருக்காங்க. இங்கதான் நிக்கறாங்க. ஆமா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. கேட்கட்டும்."

நர்ஸம்மாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் அவர் போய்விடவில்லை. குழாயடியில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து அக்காவின் இடது கையில் வைத்தார். அக்கா அதை வாங்கிக் குடித்தாள். குடித்தோம் என்பதே அவளுக்குத் தெரியாது. தொண்டை மட்டும் கொஞ்சம் இளகியது. யாரைக் காப்பாற்ற ஒருத்தி இங்கே கத்திக்கொண்டிருக்கிறாளோ, அவர் அவளுடைய தொண்டையைப் பற்றிக் கவலைப்படுகிறார். உலகம் இப்படிப்பட்டவர்களால்தான் இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது.

"நானே நிறுத்தலாமேன்னு சொல்றியா? நிறுத்த முடிஞ்சா உன்கிட்ட ஏன்டா தொண்டைத்தண்ணி வத்த கத்தறேன்? டிரைவர் வண்டி ஓட்டும்போது போன் எடுக்க மாட்டார், நல்ல பழக்கம்னு நீதானே மெச்சிக்கிட்டே. வண்டி ஆபீசுக்கு அடிச்சேன். ஐயா சொன்னாத்தான் திருப்புவோம்ங்கறாங்க. ஆஸ்பத்திரி டாக்டருக்கு அடிச்சேன். அவர் என்ன சொன்னார்? மருந்தும் கருவியும் சேர்ந்த பொருள், இதுல முதல் பொறுப்பு மருந்துக்கு, மருந்துக்காரர் வாயால சொல்லட்டும்மான்னு சொல்லிட்டார். கருவிக்காரி கத்தினா சத்தம், மருந்துக்காரன் சொன்னா முடிவு. அப்படித்தான் நாம கையெழுத்துப் போட்டு வச்சிருக்கோம். உன் வாய்தான்டா வேணும். உன் ஒரு வாய் வார்த்தை."

அவன் இப்போது குரலைத் தணித்துப் பேசினான் போலிருக்கிறது. அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ம்... ம்... என்ன சீட்டு?... அரை மணி நேரம் வெளியில வச்சிருந்து பயன்படுத்தவும்னு ஒரு சீட்டு அச்சடிச்சு உள்ளே போட்டுடலாமா? நல்ல யோசனை. ரொம்ப நல்ல யோசனை. வாரத்துக்கு ஒரு தடவை போட்டுக்கற ஊசின்னா போட்டுடலாம். இது மூச்சு முட்டும்போது போட்டுக்கற ஊசிடா! தொண்டை வீங்கிட்டு இருக்கறவன், பேனாவை மேசையில வச்சுட்டு, நாற்காலியில சாஞ்சு, பாட்டு கேட்டுக்கிட்டு அரை மணி நேரம் காத்திருப்பானா? நீ இருப்பியா?... பேசாதே. இரு. நான் பேசறேன்.

"அந்த லிஃப்ட்காரரை ஞாபகம் இருக்கா?... அதான், பெரிய கட்டடங்கள்ல லிஃப்ட் பழுது பார்க்கறவர். நீ பார்த்திருக்கே. அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு போட்டோ எடுத்துக்கிட்டியே, மறந்துட்டியா? தனியா இருக்கார். கூட ஒருத்தரும் கிடையாது. ஒரு தடவை லிஃப்ட் குழிக்குள்ள இருக்கும்போதே தொண்டை வீங்க ஆரம்பிச்சு, ஏணியைப் பிடிச்சு ஏறி வந்து, ரோட்டுல விழுந்தவர். இன்னிக்கு சாயங்காலம் அவருக்கும் ஒரு பேனா போகுது. நர்ஸம்மாகிட்ட என்ன சொன்னாராம் தெரியுமா? இனிமே ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கலாம்னு. இதுவரைக்கும் போடலையாம்டா. யாராவது உள்ளே வந்து காப்பாத்தணும்னா கதவு திறந்திருக்கணுமேன்னு. இன்னிக்கு அவர் உன்னை நம்பி, என்னை நம்பி, தாழ்ப்பாள் போட்டுக்கப் போறார். குளிர்ந்த பேனாவை எடுத்து, பத்து எண்ணி, எடுத்துடுவார். போட்டுக்கிட்டோம்னு நினைச்சுப்பார்... பாதி மருந்து தரையில இருக்கும்."

அவள் நிறுத்தினாள். போனுக்குள் தூரத்தில் யாரோ ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தமும், கூட்டத்தின் இரைச்சலும் மட்டும் கேட்டன. நர்ஸம்மா குனிந்து ஒரு பழைய துணியால் தரையில் கிடந்த மருந்தைத் துடைக்கத் தொடங்கினார். அக்காவின் செருப்பையும் சேர்த்துத் துடைத்தார். அக்கா பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள்.

"விடுங்கம்மா, நீங்க ஏன்... இல்லடா, உன்கிட்ட இல்ல. சொல்லு... என்ன? சின்னதா நினைக்கறேனா? நானா?"

அக்காவின் கண்கள் சிவந்துவிட்டன. இந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"சொல்லிட்டே. சரி, நானும் சொல்லிடறேன். உன் ரூம் சுவர்ல ஒரு பலகை மாட்டி வச்சிருக்கியே, லட்சியப் பலகைன்னு, அதைத் தினமும் நானும்தான் பார்க்கறேன். விமானப் படம் ஒண்ணு. கண்ணாடிக் கட்டடம் ஒண்ணு. அதுக்கு முன்னாடி உன் தலையை வெட்டி ஒட்டியிருக்கே, கழுத்து கூட நேரா ஒட்டல, யாரோ திருகி விட்ட மாதிரி இருக்கு. பத்து நாடு, இருபது தொழிற்சாலை, பெருசா நினை, பெருசா நினைன்னு கலர் கலரா எழுதி வச்சிருக்கே. ஒரு நாளாவது நான் சிரிச்சேனா? வெளியில சிரிச்சேனா?... உள்ளுக்குள்ள சிரிச்சது வேற. என் வேலையை விட்டுட்டு, நல்ல நாற்காலியை விட்டுட்டு உன் பின்னாடி வந்தேனே, அது சின்னதா நினைக்கறவ செய்யற வேலையா? எனக்கும் ஆசை இருக்குடா. என் பேனா, உலகத்துல எந்த மூலையில, எவன் கையில கிடைச்சாலும், அவன் பயந்துபோய் இருந்தாலும், படிக்கத் தெரியாதவனா இருந்தாலும், கூட ஒரு ஆள் இல்லாதவனா இருந்தாலும், முழு மருந்தும் உள்ளே போகணும். பாதி இல்ல. முழுசு. இதைவிடப் பெருசா உன் பலகையில ஏதாவது இருந்தா எடுத்துச் சொல்லு. நான் போனை வச்சுடறேன்."

அக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"என்ன, வாயடைச்சுப் போச்சா?... கூப்பிட்டாங்களா? இருக்கச் சொல்லு. உனக்காகக் கூட்டம் ரெண்டு நிமிஷம் காத்திருந்தா குடி ஒண்ணும் முழுகிடாது. பணம் போடறவங்க முன்வரிசையில உட்கார்ந்திருக்காங்க, தெரியும். இன்னிக்குப் பேனா நோயாளி கைக்குப் போயிடுச்சுன்னு நீ சொல்லணும், அவங்க கைதட்டணும், தெரியும்டா, எல்லாம் தெரியும். போச்சுன்னா போகட்டும். நாளைக்கு வேற ஒருத்தர் வருவார். வரலைன்னா ரெண்டு பேரும் இந்தக் கூடத்தைப் பூட்டிட்டு எங்கயாவது வேலைக்குப் போவோம். அந்த லிஃப்ட்காரர் இருப்பார். அது போதும்... டேய். தம்பி. உன் கால்ல விழணுமா? விழறேன். வண்டியைத் திருப்பு."

கோபத்தின் உச்சியிலிருந்து அந்தக் கடைசி வார்த்தை மட்டும் எப்படியோ கீழே இறங்கி, கெஞ்சலாக வந்து விழுந்தது. பெற்றவர்கள் இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள் அவள். அடித்திருக்கிறாள், திட்டியிருக்கிறாள், கெஞ்சியதில்லை. அவனுக்கும் அது உறைத்திருக்க வேண்டும்.

"இருக்கேன்... இருக்கேன், வைக்கல. நீ இன்னொரு போன்ல வண்டி ஆபீசுக்குப் பேசு. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்... ம்... ம்... சத்தமா சொல்லு, அவங்களுக்குப் புரியாது... ஆமா. எல்லாப் பெட்டியும். ஒரு பெட்டி கூட இறக்கக் கூடாதுன்னு சொல்லு... டாக்டருக்கும் சொல்லு. இப்பவே. மேடை எங்கயும் ஓடிடாது... ம்... சரி. சரி... எங்க இருக்கு வண்டி?... ஆஸ்பத்திரி வாசல்லயா! கடவுளே. கதவைத் திறந்துட்டாங்களா?... திறக்கலயே?... மூடியே இருக்கட்டும். அப்படியே திரும்பட்டும். அப்பா..."

அக்கா பக்கத்தில் இருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஆனால் குரலை விட்டுக்கொடுக்கவில்லை.

"என்ன சொல்றதுன்னு என்னைக் கேட்கறியா? ரெண்டு மணி நேரம் கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை பார்த்தே, அதுல ஒண்ணும் தேறலையா?... உள்ளதைச் சொல்லு. வண்டி போச்சு, திரும்பி வந்துடுச்சு. இன்னும் வேலை இருக்கு. அவ்வளவுதான். யார் தலையையும் உருட்டாதே... போ. கூப்பிடறாங்க பாரு. போனை வைக்க வேண்டாம், பையில போட்டுக்கோ. நீ என்ன சொல்றேன்னு எனக்குக் கேட்கணும். உன்னை நம்ப மாட்டேன்."

போனைக் காதில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. பிரார்த்தனையா, திட்டா என்று அவளுக்கே தெரியாது. கைதட்டல் ஒன்று எழுந்து அடங்கியது. பின்பு பையின் துணிக்குள்ளிருந்து அமுங்கிப்போன ஒரு குரல். நர்ஸம்மா எதிரில் வந்து நின்று முகத்தையே பார்த்தார்.

"ஷ்ஷ்... பேசறான்மா... ம்... ம்... இல்ல, சுத்தி வளைக்கல. நேரா சொல்லிட்டான்... உங்க பேச்சே எடுக்கலம்மா. எங்க ரெண்டு பேரோட தப்புன்னுட்டான். என்னையும் சேர்த்துட்டான், படவா. சேர்க்கட்டும், நியாயம்தானே..."

இந்த முறை கைதட்டல் எழவில்லை. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். அக்காவின் கை தானாகத் தன் அங்கியின் நுனியைப் பிடித்துக் கசக்கியது. அந்த நேரத்தில் அவனுக்குப் பக்கத்தில் நின்று தோளைத் தொட ஒருவரும் இல்லையே என்று நினைத்தபோது, காலையிலிருந்து முதல் தடவையாக அவளுக்குக் கண் கலங்கியது. நர்ஸம்மா அந்தக் கசங்கிய கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஹலோ... ஆமா, இருக்கேன்... கேட்டேன். எல்லாம் கேட்டேன்... எத்தனை பேர் எழுந்து போனாங்க?... போகட்டும். ஒருத்தர் மட்டும் போகலையா? பணம் போடறவங்கள்ல ஒரு வயசானவரா? என்ன கேட்டார்?... ஓ. மறுபடியும் வண்டி எப்போ போகும்னா கேட்டார்... சரி, அதை அப்புறம் பார்ப்போம். பணத்தை இப்போ பேசாதே. நீ சாப்பிட்டியா?... பொய் சொல்லாதே. குரல்லயே தெரியுது... என்னது? சரியா கேட்கல, சத்தமா இருக்கு அங்க. வெளியில வந்து சொல்லு... எதைக் கேட்கறே?"

அவள் சட்டென்று எழுந்து நின்றாள்.

"மருந்தை எவ்வளவு நீர்க்க விடணுமா?... எவ்வளவு விட்டா ஸ்பிரிங் குளிர்ல தள்ளும்னா?... ஏன்டா, மேடையிலேர்ந்து இறங்கினதும் இதையா கேட்கறே? கைதட்டல் வரலைன்னு அழுவேன்னு பார்த்தா... எனக்கு எப்படித் தெரியும்? மருந்து நீதான் கொடுக்கவே இல்லையே, முட்டாள்! வா. ஒரு பெரிய குப்பி நிறைய எடுத்துக்கிட்டு வா, கஞ்சத்தனம் பண்ணாதே. ஃபிரிட்ஜுல வச்சு, எடுத்து, எடுத்த கையோட தள்ளிப் பார்ப்போம். நீ கொஞ்சம் இளக்கு, நான் கொஞ்சம் இறுக்கறேன். எங்க ரெண்டும் சந்திக்குதோ அங்க நிறுத்துவோம். நடுச்சுவர்க் கதவைத் திறந்து வைக்கறேன்... ஆமா, இன்னிக்கே. இப்பவே... அழாதேடா. சரி, அழல. நீ அழல, சளி. ஒத்துக்கறேன். முதல்ல ஏதாவது வாயில போட்டுக்கிட்டு வா, பசியோட வந்தா சண்டை போடுவே... இன்னும் என்ன? நர்ஸம்மாவா? இங்கதான் இருக்காங்க. அவங்ககிட்ட நேர்ல வந்து சொல்லு, போன்ல சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே... வை. வைடா போனை. எனக்கு வேலை கிடக்கு."

அவன் வைக்கவில்லை. அக்காதான் வைத்தாள்.